ஏட்டைக் கொடுக்குமுன் எழுதி வாங்குங்கள்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் தண்ணீர் தரும் நெய்யாறு பிறப்பது அகத்தியர் மலையில். 1987-ல் விஞ்ஞானிகளுக்கு அங்கே வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பிறந்தது 'ஜீவனி' மருந்து. 1995-ல் கோவை நிறுவனமொன்று 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் பெற்றது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால் 1999-ல் 'ஜீவனி' என்ற பெயரை அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டதே! காணிக்காரர்களைக் கேட்டார்களா?

வெளிநாட்டாருடன் கூட்டு ஆராய்ச்சி கூடாது என்பதல்ல நம் வாதம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் குஜராத்தின் ஜாம்நகரில் பாரம்பரிய மருத்துவ மையம் நிறுவியது நல்லதே. காப்புரிமை கேட்பவர், அறிவு தந்த மக்களைக் குறிப்பிட வேண்டும் என்று 2024 மே மாதம் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. வணிகப் பெயர்கள் மட்டும் அதற்குள் வரவில்லை.

இந்த எல்லைக் கிராமங்களில் வர்ம ஆசான்மார் வீடுகளில் இன்னும் தமிழ் ஏடுகள் இருக்கின்றன. படி எடுக்க வருகிறவர்களை விரட்ட வேண்டியதில்லை. யார் பெயரில் வெளியிடுவீர்கள், பங்கு எவ்வளவு என்று முதலில் எழுதி வாங்க வேண்டும். ஆசானுக்கு அந்தக் காகிதத்தை எழுதிக்கொடுக்க, தினமும் கோப்புகளோடு மாரடிக்கும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.