ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்!

ஒரு புகைப்படம் எடுக்க ஒரு விநாடிகூட ஆகாது. பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆனால் அந்த ஒரு விநாடிக்காகச் சிலர் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். கொக்கு தலை நிமிர வேண்டும். இலைமேல் வெயில் விழ வேண்டும். காற்று ஓய வேண்டும்.

அப்படிக் காத்திருந்து எடுத்த படத்தை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? "ஆகா, நன்றாக இருக்கிறது!" என்று சொல்லிவிட்டு, மறு விநாடியே அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

படத்தின்மேல் குற்றம் இல்லை. அதைப் பார்க்கும் இடம் சரியில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் எந்தப் படம்தான் மனதில் நிற்கும்?

மனிதர்கள் அமைதியாக உட்காரும் இடத்தில் அந்தப் படத்தை மாட்ட வேண்டும். கோவிலும் மாதா கோவிலும் அதற்கு ஏற்ற இடங்கள்.

லண்டனில் ஒரு முயற்சி

இது புதிய யோசனை அல்ல. லண்டன் நகரில் செயின்ட் பால் தேவாலயம் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற பழைய ஆலயம். அங்கே 2014-ம் ஆண்டில் பில் வயோலா என்ற அமெரிக்கக் கலைஞரின் அசையும் படங்களை வைத்தார்கள்.

நான்கு திரைகள். மண், காற்று, நெருப்பு, நீர் ஆகிய நான்கும் அவற்றில் தோன்றும். சுமார் 7 நிமிஷம் ஓடும். சத்தமே கிடையாது! பிரார்த்தனைக்கு வந்தவர்கள் அந்தப் படங்களின் முன்னும் மவுனமாக நின்றார்கள்.

காமிராவுடன் வந்த துறவி

சென்னைக்கும் இந்த விஷயத்தில் ஒரு தொடர்பு உண்டு.

தாமஸ் மெர்ட்டன் என்பவர் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மடத்தில் இருந்த கத்தோலிக்கத் துறவி. மவுனத்தைப் பெரிதாகப் போற்றும் மடம் அது. அவர் எழுதிய நூல்களை லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள்.

பிற்காலத்தில் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு காமிராவை இரவல் கொடுத்தார். துறவி அதைக் கொண்டு என்ன எடுத்தார் தெரியுமா? மரத்தின் வேர், வெட்டுண்ட அடிமரம், கல், காய்ந்த செடி. யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்கள்! அவற்றின் முன் நின்று பொறுமையாகப் படம் எடுத்தார். அதையும் ஒரு தியானமாகவே செய்தார்.

1968 நவம்பர் கடைசியில் அவர் சென்னைக்கு வந்தார். சாந்தோம் மாதா கோவிலைப் பார்த்தார். பரங்கிமலைமேல் உள்ள பழைய ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். மாமல்லபுரம் சென்றார். பிறகு இலங்கைக்குப் போய்ப் பொலன்னறுவையில் புத்தர் சிலைகளைப் படம் பிடித்தார். டிசம்பர் 10-ந் தேதி பாங்காக் நகருக்கு அருகில் காலமானார்.

அவர் எடுத்த படங்கள் 1970-ல் புத்தகமாக வந்தன. கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மயிலாப்பூர்க்காரர்

அதே 1968-ல் மயிலாப்பூரில் குடியிருந்த ஒருவர், தென்னாட்டுக் காட்டு விலங்குகளைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். அவர்தான் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன்.

காட்டு யானையையும் காட்டெருமையையும் அவர் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கிக் கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார்!

1950 முதல் 1996-ல் இறக்கும் வரை 46 ஆண்டுகள், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். 1960-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காட்டு விலங்கு மட்டும் அல்ல, வீட்டு வாசலில் வரும் காக்கையும் அணிலும்கூட அவருக்குப் பெரிய விஷயம்தான்.

ஒருவர் துறவி. மற்றவர் குடும்பஸ்தர். இருவருக்கும் தெரிந்த வித்தை ஒன்றே: காத்திருப்பது. பார்ப்பவர்களும் அதைக் கொஞ்சம் கற்றுக் கொண்டால் என்ன?

"கோவிலில் படம் எதற்கு?"

"சாமி கும்பிடும் இடத்தில் கொக்குப் படமும் குருவிப் படமும் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மயிலை என்ற பெயரிலேயே மயில் இருக்கிறது. அம்பிகை மயில் உருவில் ஈசனைப் பூசித்த தலம் என்பது அந்த ஊரின் வரலாறு. கபாலீசுவரர் கோவிலின் தல மரம் புன்னை. மாதா கோவிலின் வண்ணக் கண்ணாடிகளிலும் ஆட்டுக்குட்டியும் புறாவும் காணலாம். மரத்தையும் பறவையையும் வழிபாட்டில் சேர்த்தவர்கள் முன்னோர்கள். படம் மாட்டுவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே ஆகும்.

சன்னதிக்குள் மாட்ட வேண்டியதில்லை. மண்டபத்திலோ, ஆலயத்தை அடுத்த கூடத்திலோ ஒரு சுவர் போதும். சாந்தோம் மாதா கோவிலை ஒட்டி ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் போன்ற இடங்களில் தொடங்கலாம்.

அடையாறு ஆலமரம்

இதனால் என்ன லாபம்?

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் உள்ள ஆலமரம் உலகப் புகழ் பெற்றது. 1989-ல் அடித்த புயல் காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிற்கின்றன. தாய்மரத்தை இன்றைய குழந்தைகள் படத்தில்தான் பார்க்க முடியும்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதற்குள் அதன் பெரும் பகுதி கட்டிடங்களாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டது. அந்தத் தண்ணீரையும் பறவைகளையும் ஊரார் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால், இவ்வளவு எளிதாக விட்டுக் கொடுத்திருப்பார்களா?

கண்ணால் நன்றாகப் பார்த்த பொருளின்மேல்தான் பாசம் பிறக்கும். பாசம் வைத்த பொருளைத்தான் மனிதன் காப்பாற்றுவான்.

செய்ய வேண்டியது

பெரிய செலவு இல்லை. ஐந்து படம் போதும், ஐம்பது வேண்டாம். எதிரே ஒரு பெஞ்சு போட வேண்டும். படத்தின் கீழே பறவையின் பெயரையும், எடுத்த இடத்தையும் பெரிய தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். கூட்டைக் கலைத்தோ, பறவையை விரட்டியோ எடுத்த படத்துக்கு அங்கே இடம் தரக்கூடாது.

வேண்டுதலை முடித்துவிட்டு வரும் பாட்டி அந்தப் பெஞ்சில் உட்காருவார். பேரன் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பான். "இந்தக் குருவி நம் வீட்டுக் கொல்லையில் வருமே!" என்று பாட்டி சொல்வார்.

மறுநாள் காலையில் பேரன் கொல்லைப்புறம் போய்ப் பார்ப்பான். படம் எடுத்தவர் காத்திருந்த பலன் அன்றுதான் கிடைக்கும்.