டொக்டரிடம் மறைக்காதீர்கள்



வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நடு இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அதே வீட்டில் ஒருவர் மனம் குழம்பி, நாட்கணக்கில் உறங்காமல், இல்லாத குரல்களுக்குப் பதில் சொன்னால் கதவைச் சாத்திக் கொள்கிறோம். "வெளியில் தெரிந்தால் தங்கச்சியின் கல்யாணம் என்னவாகும்?" என்ற கவலை முந்திக் கொள்கிறது. அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருப்பவர்கள் அல்லவா நாம்!

நிலைமை கைமீறிய பிறகுதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறோம். அங்கும் மறைக்கிறோம். "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை", "வழுக்கி விழுந்துவிட்டா" என்கிறோம். ஊருக்கு மறைப்பது உங்கள் விருப்பம். டொக்டரிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கியவர் முதல் நாள் சுகமாக இருப்பது போலவே தோன்றலாம். ஈரல் பழுதாவது பிறகுதான் தெரியவரும். எட்டு மணித்தியாலத்துக்குள் மாற்று மருந்து ஏற்றினால் பெரும்பாலும் ஈரலைக் காப்பாற்றலாம். நீங்கள் உண்மையைச் சொல்லாவிட்டால் அந்த நேரம் வீணாகிவிடும். வழக்கு வருமென்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் நம் நாட்டில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது.

எல்லாத் தடுமாற்றமும் மனநோயல்ல என்பதையும் மறவாதீர்கள். சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி குறைந்தாலும், வயதான உம்மம்மாவுக்குச் சிறுநீரில் கிருமி தொற்றினாலும், தலையில் அடிபட்டாலும் புத்தி தடுமாறலாம். அதேபோல் மனநோயாளிக்கும் நெஞ்சு வலி வரும். "இவர் எப்போதும் இப்படித்தான்" என்று அதைத் தள்ளிவிட இடம் கொடுக்காதீர்கள். அன்றாடம் காணும் உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் தாய் உறக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விபரீதமாக எண்ணத் தொடங்கினால் அது அவசர நோய். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே கொண்டு செல்லுங்கள். மருந்தால் குணமாகக்கூடிய நோய் அது. ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் நடக்கட்டும். அதற்காகச் சிகிச்சையைப் பிற்போட வேண்டாம்.

போகும்போது கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள், சந்தேகமான போத்தல், வெற்று மருந்துப் பட்டை அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது உறங்கினார் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். சத்தமும் வெளிச்சமும் நிறைந்த அவ்விடத்தில் குழம்பிய மனம் மேலும் மிரளும். அவர் நம்பும் ஒருவர் பக்கத்திலிருந்து தாழ்ந்த குரலில் பேசட்டும். கூட்டமாகச் சென்று அதட்ட வேண்டாம். உயிர் மாய்க்கும் எண்ணம் உள்ளவரை மலசலகூடத்துக்கும் தனியே அனுப்பாதீர்கள்.

அம்புலன்ஸுக்கு 1990. ஆலோசனைக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இரண்டும் இரவிலும் இயங்குபவை. இன்றே ஓர் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

வீடு திரும்பியதும் மருந்துகளைப் பூட்டி வையுங்கள். கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள். "இவ்வளவு பேரை அலைக்கழித்தாயே" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவரை மறுபடியும் அதே நிலைக்குத் தள்ளக்கூடும்.