வளர்த்த யானையைக் காட்டில் விடுகிறார்கள். வயலுக்கு யார் பொறுப்பு?

உடவளவையிலே வனசீவராசிகள் திணைக்களம் நடத்திவரும் அநாதை யானைக் கன்றுகளின் இல்லத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவன பெரும்பாலும் படங்களே. குழாயில் பால் குடிக்கும் கன்று, அதைப் பார்த்துச் சிரிக்கும் வெளிநாட்டார், அருகில் ஒரு மந்திரி. அவ்வில்லம் செய்யும் வேலை யாது, அதன் பயன் எங்கே போய் முடிகின்றது, அப்பயனுக்காக எவர் எதனை இழக்கின்றனர் என்பன எழுதப்படுவதில்லை. போகந்தோறும் பரணில் இராக்கண் விழித்திருக்கும் கமக்காரன் இதனை அறிந்திருத்தல் வேண்டும். படித்த உத்தியோகத்தரும் அறிந்திருத்தல் வேண்டும். வேலி எங்கே போகவேண்டும் என்று படத்திலே கோடு கிழிப்பவர் அவரேயன்றோ?

முதலில் அவ்வில்லத்துக்கு உரிய புகழைக் கொடுத்துவிடுவோம். 1975இல் பின்னவலையில் ஆரம்பிக்கப்பட்ட யானைகள் சரணாலயம் வேறு. 1995இல் உடவளவையில் ஆரம்பிக்கப்பட்ட இவ்வில்லம் வேறு. பின்னவலைக்குப் போன கன்று பாகனுக்கும் சங்கிலிக்கும் பழகி, ஆற்றில் குளிக்கும் காட்சிப் பொருளாகி, அங்கேயே முதுமை எய்தும். உடவளவைக்குப் போன கன்றோ மீண்டும் காட்டுக்கே போகவேண்டியது என்பது ஆரம்பத்திலேயே வகுக்கப்பட்ட விதி. ஆதலின் அங்கே பால் கொடுப்பவர் கொஞ்சிக் குலாவுவதில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். எஞ்சிய நேரமெல்லாம் மற்றைய கன்றுகளோடு மேய்ச்சல். பார்க்க வருவோர் தூரத்தே மேடையில் நின்றுதான் பார்க்கலாம், தொட இயலாது. மனிதனை அன்னையென்று எண்ணி வளர்ந்த யானை நாளைக்கு மனிதன் வீட்டு முற்றத்துக்கே வரும் என்பதை அங்குள்ள வைத்தியர்கள் நன்கு அறிவர். ஏறக்குறைய ஐந்து வயதானதும், ஒன்றோடொன்று பழகியவற்றைக் கூட்டமாகச் சேர்த்து, சிலவற்றின் கழுத்திலே வானொலிப் பட்டியும் பூட்டிக் காட்டில் விடுகிறார்கள். 1998இல் தொடங்கிய இவ்வேலையினால் இன்றுவரை 100க்கும் மேற்பட்ட யானைகள் காடு திரும்பியுள்ளன. அவற்றுட் சில பிடிகள் காட்டிலேயே கன்றும் ஈன்றுள்ளன. புட்டிப்பாலில் வளர்ந்த விலங்கு காட்டு மந்தையோடு சேர்ந்து, துணை தேடிக் கன்று ஈனுதல் சிறிய காரியமன்று. ஆசியாவிலே வேறு பல நாடுகள் வந்து கற்றுக்கொள்ளத்தக்க வேலை இது.

நிற்க. அக்கன்றுகள் அநாதைகளானது எவ்வாறு?

சில கன்றுகள் கிணற்றிலும் குழியிலும் விழுந்து மந்தையைப் பிரிந்தவை. பல கன்றுகளின் தாய்மார் செத்தவை. துவக்குச் சூட்டினால் ஒன்று. வீட்டு மின்சாரத்தைக் களவாக இழுத்து வயலைச் சுற்றிக் கட்டிய கம்பியில் ஒன்று. பூசணிக்காய்க்குள்ளே மறைத்து வைத்த வெடியைக் கடித்துத் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று செத்தது ஒன்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே ஹபறணைக்கு அருகே மட்டக்களப்புப் பாதையில் ஓடிய புகையிரதம் மோதி ஓரிரவிலே ஆறு யானைகள் மாண்டன. 2023ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்நாட்டிலே 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன; அதே ஆண்டிலே யானைகளால் உயிரிழந்த மனிதர் 150க்கு மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த யானைகள் 5,879. உடவளவை இல்லம் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பால் கொடுத்து வளர்த்துக் காட்டில் விட்ட அத்தனை யானைகளையும் கூட்டினாலும் ஓராண்டிலே சாகும் தொகைக்கு ஈடாகாது. இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை.

பாலூட்டுவதை நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. அநாதைகளை உண்டாக்கும் இடம் இல்லத்துக்கு வெளியே, வயலோரத்திலே இருக்கிறது என்பதையே சொல்கிறோம். அவ்விடத்துக்கு அரசாங்கம் கொண்டுவரும் மருந்து என்ன? ஒரு கட்டு யானைவெடி. அதுவும் விதைத்து முடிந்த பிறகு.

யானையைக் கொல்பவன் கமக்காரன் என்று கொழும்பிலே சொல்லிக்கொள்வது இலகு. களவாக மின்கம்பி இழுப்பது குற்றம்; அதில் யானை மட்டுமன்றிப் பக்கத்து வயற்காரனும் சாகிறான். அதனை நாம் எக்காலத்தும் ஆதரிக்கமாட்டோம். ஆயினும் சரித்திரத்தையும் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் திறையாகக் கொடுத்தவை யானைகள். அவை யாழ்ப்பாணத்துக்கு நடத்தி வரப்பட்டுக் கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சாட்சி. ஆங்கிலேயர் காலத்திலோ யானையைச் சுட்டவனுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. மேஜர் ரொஜர்ஸ் என்னும் துரை 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வர். 1845இல் அவர் மாண்டது யானையால் அன்று, இடி விழுந்து. காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களும், விளையாட்டுக்காகச் சுட்டவர்களும், பரிசு கொடுத்துச் சுடுவித்தவர்களும் போய்விட்டார்கள். பழி மட்டும் இரண்டு ஏக்கர் நெற்காணிக்காரன் தலையிலே விழுந்திருக்கிறது.

வளர்த்த விலங்கைக் காட்டில் விடுவதிலே உலகம் கண்ட அனுபவம் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்வது தகும். அரேபியப் பாலைவனத்திலே ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற நீள்கொம்பு மான் உண்டு. துவக்கும் மோட்டார் வண்டியும் பாலைவனத்துக்கு வந்தபின் அதன் இனம் அழியலாயிற்று. முற்றாக அழியுமுன் சிலவற்றையேனும் காப்போம் என்று 1962இல் சிலர் ஏடன் பக்கத்துப் பாலையிலே சிலவற்றைப் பிடித்து, பிற இடங்களிற் கிடைத்தவற்றோடு சேர்த்து, அமெரிக்காவிலே அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகர மிருகக்காட்சிச்சாலையில் வைத்துப் பெருக்கினர். அவர்கள் அஞ்சியது நடந்தது. 1972இல் ஓமான் தேசத்திலே கடைசிக் காட்டு ஓரிக்ஸும் கொல்லப்பட்டது. பத்தாண்டு கழித்து 1982இல், மிருகக்காட்சிச்சாலையிற் பெருகிய வழியில் வந்த பத்து மான்களை ஓமான் அரசு அதே பாலைவனத்தில் விட்டது. அப்பாலையின் இடையராகிய ஹராசிஸ் குலத்தவரே காவலராக நியமிக்கப்பட்டனர். மான்களும் பெருகின. 1996 அளவில் அவை 400க்கு மேல். உலக மரபுரிமைப் பட்டியலிலும் அச்சரணாலயம் 1994இல் இடம்பெற்றிருந்தது.

அப்புறம் நடந்ததென்ன? செல்வரின் தனியார் விலங்குக்கூடங்களுக்கு உயிரோடு பிடித்து விற்கும் வியாபாரம் கிளம்பியது. காவலரால் தடுக்க முடியவில்லை. 2007இல் எஞ்சியவை 65 அளவே. அவ்வரசாங்கமோ எண்ணெய் தேடும் பொருட்டுச் சரணாலயத்தின் பரப்பிலே பத்தில் ஒன்பது பங்கைக் குறைத்துவிட்டது. அதே ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து அவ்விடம் நீக்கப்பட்டது. அப்பட்டியலிலிருந்து முதன்முதல் நீக்கப்பட்ட இடமும் அதுவே. ஓரிக்ஸ் இனம் பிற இடங்களிலே பின்னர் தப்பிப் பிழைத்தது வேறு கதை. விலங்கை வளர்த்தவர்களின் கெட்டித்தனத்தில் குறைவிருக்கவில்லை. இடையரின் உழைப்பிலும் குறைவிருக்கவில்லை. முதன்முறை அவ்வினத்தை அழித்த காரணம் நீங்காமல் இருந்தது. நிலத்தின் விதியை எழுதும் பேனையும் தலைநகரிலேயே இருந்தது.

இனி நம் நாட்டு நிலத்தைப் பார்ப்போம். யானையின் இடம் காடு, மனிதனின் இடம் ஊர் என்று பிரித்துப் பேசுவது பள்ளிக்கூடப் பாடத்துக்குப் பொருந்தும். இத்தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்திலே யானைகள் நடமாடுகின்றன. அவ்வாறு யானை நடமாடும் நிலத்திலே ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். இதனை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டவர்கள் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர்தம் துணைவரும். ஆகவே சரணாலயத்தின் எல்லையிலே மின்வேலி போட்டால் வேலியின் இரண்டு பக்கமும் யானை நிற்கும். உடவளவைப் பூங்காவோ ஏற்கெனவே நிறைந்த இடம். ஏறக்குறைய 308 சதுர கிலோமீற்றர்க் காட்டைப் பயன்படுத்தும் யானைகள் 800க்கும் 1,160க்கும் இடைப்பட்டவை என 2011இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. நீர்த்தேக்கம் கட்டி, அதனால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்கென 1972இல் அமைத்த பூங்கா அது. அங்கே முன்னர் சேனை செய்திருந்த குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் மறந்துவிடலாகாது. இன்று அப்பூங்காவின் தெருவோர வேலியிலே பயணிகள் நீட்டும் பழத்துக்காக யானைகள் காத்து நிற்கின்றன. இல்லத்துக்குள்ளே ஐந்து வருடம் காத்த கட்டுப்பாட்டைத் தெருவிலே ஒரு சீப்பு வாழைப்பழம் கெடுக்கிறது.

கன்றை வளர்த்து விடுதல் ஒன்று. வயலழிக்கும் வளர்ந்த யானையைப் பிடித்து வேறு காட்டிலே கொண்டுபோய் விடுதல் இன்னொன்று. இவ்விரண்டையும் பொதுமக்கள் ஒன்றாகவே கருதுவது இயல்பு. ஏனெனில் இரண்டையும் செய்வது ஒரே திணைக்களம். இரண்டிலும் லொறி வருகிறது, யானை இறங்குகிறது, லொறி போகிறது. இரண்டாவது முறையின் பயனை அளந்த ஆய்வொன்றை அதே கலாநிதி பெர்னாண்டோவும் பிறரும் 2012இல் வெளியிட்டனர். இடம் மாற்றிய 12 ஆண் யானைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததிலே, சில பிடித்த இடத்துக்கே திரும்பின. சில ஊரூராக அலைந்தன. சிலவே புது இடத்தில் தங்கின. மனிதருக்கும் யானைக்கும் உள்ள பூசல் குறையவில்லை. புதிய ஊர்களுக்கும் பரவியது. தெற்கிலே பிடித்த யானைகளை வன்னிக் காட்டிலும் படுவான்கரைப் பக்கத்துக் காடுகளிலும் இரவோடிரவாக இறக்கிவிடுகிறார்கள் என்று நம் மக்கள் பலகாலமாகக் குறைகூறி வருவதை வெறும் வதந்தியென்று தள்ளுவார்க்கு நாம் சொல்வது இதுவே: திணைக்களம் தன் ஏட்டைத் திறந்து காட்டட்டும். எந்த யானை, எந்தத் தேதி, எங்கே பிடித்தது, எங்கே விட்டது. கழுத்துப் பட்டியிலிருந்து வரும் செய்தி விஞ்ஞானியின் அறைக்கு மட்டும் உரியதன்று. நாலு மைலுக்கு அப்பால் யானை நிற்கிறது என்பதை முதலில் அறியவேண்டியவன் பரணிலிருப்பவன். அந்த அறிவித்தலும் அவனுக்கு விளங்கும் மொழியில் வரவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி.

சந்தேகத்துக்கு வேறொரு வேரும் உண்டு. யுத்தகாலத்திலே இடம்பெயர்ந்தோரின் வயலும் தோட்டமும் பற்றை மண்டிக் காடாகின. திரும்பி வந்தபோது எல்லைக்கல் நாட்டப்பட்டு, ஒதுக்கக் காடு என்ற பலகையும் நின்றது. இத்தகைய முறைப்பாடுகள் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் பல. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பவனிடம் போய், யானைக்கு இடம் கொடு என்றால் அவன் அதனை நில அளவைக்காரனின் அடுத்த வருகையாகவே எண்ணுவான். அவனை வனவிலங்கின் பகைவன் என்று வைதுவிட்டால் தீர்ந்துவிடுமா? காணிப் பிணக்கை முதலில் தீர்க்காமல் அப்பகுதிகளில் எந்த விலங்கையும் கொண்டுவந்து விடுவது விலங்குக்கே செய்யும் கேடு.

வழியில்லாமலும் இல்லை. 2020இல் கலாநிதி பெர்னாண்டோவைத் தலைவராகக் கொண்ட குழு தேசிய செயற்றிட்டம் ஒன்றை அரசாங்கத்திடம் கையளித்தது. அதன் உயிர்நாடி, வேலியைக் காட்டைச் சுற்றிப் போடாமல் வயலையும் ஊரையும் சுற்றிப் போடுக என்பது. விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பு வேலியை நாட்டுகிறது, முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறது, அரிவு வெட்டி நெல்லைக் கொண்டு சென்றபின் கழற்றி வைத்துவிடுகிறது. பின்னர் யானை வந்து தாளடியை மேய்ந்து போகலாம். குருநாகல் மாவட்டத்திலே கல்கமுவைப் பக்கத்தில் இம்முறையைக் கைக்கொண்ட ஊர்கள் உண்டு. கமக்காரன் தன் வேலியென்று எண்ணுவதால் அதைக் காக்கிறான். அரசாங்கத்தின் வேலியென்றால் கம்பம் சாய்ந்தாலும் கச்சேரிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பான். பிரேசில் தேசத்திலே பொன்னிறக் குரங்கொன்றை மிருகக்காட்சிச்சாலைகளில் வளர்த்து 1984 முதல் காட்டில் விட்டபோது, தனியார் பண்ணைக்காரர் பலர் தம் காணிக் காடுகளில் அதற்கு இடம் கொடுத்தனர். அவர்களைக் கேட்டு, அவர்களோடு பேசிச் செய்தார்கள் என்பதே காரணம். யானை குரங்கன்று, நெல்லைத் தின்னும், ஆளையும் கொல்லும். ஆகவே நம் நாட்டிலே பேச்சு இன்னும் அதிகமாக வேண்டும்.

நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் யானை ஒருவரைக் கொன்ற மறுநாள் சபையிலே எழுந்து ஆத்திரமாகப் பேசுகிறார்கள், வரவேற்கிறோம். அச்செயற்றிட்டத்தின் வேலிகளுக்காக வடக்கு கிழக்கு மாவட்டங்களுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எத்தனை கமக்காரர் அமைப்புகளுக்கு அது சேர்ந்தது என்று வரவுசெலவுத் திட்ட விவாதத்திலே கேட்டு விடை பெறுதல் அதனினும் பயனுள்ளது. கமநல சேவை நிலையங்களிலே நடக்கும் பெரும்போகக் கூட்டங்களுக்கு நீர்ப்பாசனத்தார் வருகிறார்கள், பசளைக்காரர் வருகிறார்கள். வனசீவராசிகள் உத்தியோகத்தரும் பட்டி பூட்டிய யானைகளின் படத்தோடும் வேலிக்கான பணவிவரத்தோடும் அங்கே வந்து உட்காரட்டும். விதைப்புத் தேதி குறிக்கும் அதே கூட்டத்திலே வேலி நாட்டும் தேதியும் குறிக்கப்படட்டும்.