கூர்நோக்கு யாருக்கு?

நம் நாட்டில் ஒரு கெடுதலை ஒழிக்க வேண்டுமென்றால் முதலில் அதன் பெயரை மாற்றுவதும், பெயர் மாறினவுடன் கெடுதலும் ஒழிந்துபோனதாய் எண்ணிச் சும்மா இருந்துவிடுவதும் வெகுகாலமாய் நடந்து வருகின்றது. போலீசில் சிக்கும் ஏழைப் பிள்ளைகள் விஷயமும் இப்படியே ஆயிற்று.

1920-ம் வருஷத்துச் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டத்தில் அவன் 'இளங்குற்றவாளி'. 1986-ல் 'நெறிதவறிய சிறுவன்'. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்திலோ 'சட்டத்திற்கு முரண்பட்ட குழந்தை'. குற்றஞ்சாட்டும் சொற்களைக் குழந்தை சம்பந்தமான நடவடிக்கைகளில் உபயோகிக்கவே கூடாதென்று அச்சட்டமே சொல்லுகின்றது. பிள்ளையை வைத்துப் பூட்டும் இடத்துக்கும் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். இவற்றை நாம் குறை கூற வரவில்லை. பிள்ளையைத் திருடன் என்னாதிருப்பது நல்லதுதான். ஆனால் என்ன பெயர் வைத்தாலும் பூட்டு பூட்டுத்தானே?

பள்ளிப்பாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒரு தாயின் 15 வயதுப் பையனைத் திருட்டுக் கேசில் பிடித்துப் போனதாய் வைத்துக்கொள்வோம். அவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். தாய் தகப்பனுக்குச் சீக்கிரம் தெரிவிக்க வேண்டும். ஜாமீனில் விடுவதே முறை, மறுத்தால் காரணம் எழுதியாக வேண்டும். வக்கீல் உதவி உண்டு. பாஷை புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. இவ்வளவும் சட்டத்தில் இருக்கின்றது. அந்தத் தாய்க்கு இதில் ஒரு வரியாவது தெரியுமா? யார் சொன்னார்கள்? அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குக் கோயிலில் கைகட்டி நிற்பவள், அதே மாதிரி கோர்ட்டு வராந்தாவிலும் நிற்கின்றாள். எல்லாம் தமிழில்தானே இருக்கின்றதென்பார்கள். 'கூர்நோக்கு இல்லம்' என்றால் கண் ஆஸ்பத்திரி என்று அவள் நினைத்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம்!

நிற்க, அந்தக் கூர்நோக்கின் யோக்கியதை என்ன? 2022 டிசம்பர் 31-ந் தேதி செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். கொண்டுபோய் விட்டு இரண்டே நாள்! ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அவர்கள் குற்றத்தை முடிவு செய்வது கோர்ட்டின் வேலை. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி தோழர் கே. சந்துரு அவர்களைச் சர்க்கார் ஒருநபர் குழுவாய் நியமித்து, 2023-ல் அறிக்கையும் பெற்றது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது, பெண் ஒருவரும் டாக்டர் ஒருவரும் உள்ள குழு இல்லங்களைப் பார்வையிட வேண்டுமென்பது ஏற்கெனவே சட்டத்தில் இருந்ததுதான். பார்த்தவர்கள் என்ன எழுதினார்கள்? பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு அதை ஊரறிய வெளியிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

"குற்றம் செய்தவனுக்கு இவ்வளவு சலுகையா?" என்பார் சிலர்; "அவன் தலைவிதி" என்பார் பலர். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு ராத்திரியோடு ராத்திரியாய் வக்கீல் வரும்போது இந்த விதி எங்கே போய்விடுகின்றது?

லாக்கப் கூடாது, 24 மணி, ஜாமீன் உண்டு, வக்கீல் உண்டு என்ற நான்கு வரியைப் பேச்சுத் தமிழில் எழுதி, எழுத்தறியாதவர்க்கு வாயாலும் சொல்ல வேண்டுமென்பதே நாம் கேட்பது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எந்தெந்தப் போலீஸ் ஸ்டேஷனில் அப்படி ஒரு பலகை மாட்டியிருக்கின்றதென்று நம் தோழர்கள் நேரில் போய்ப் பார்த்து, ஊர்ப் பெயருடன் நமக்கு எழுதுவார்களாக.