ராணுவம் சிக்கனம் செய்தால் ஜீப் பிரியர்களுக்கு யோகமா?

ஜீப் வண்டியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் யார்? ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தால் ஜீப். தாசில்தார் வந்தால் ஜீப். தேர்தல் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய ஜீப். பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் 1940-களின் கடைசியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கியதன் பயன் அது. அந்த வண்டியின் பிறந்த வீடு அமெரிக்க ராணுவம். பிறந்த வீட்டில் அதற்கு இன்றும் மவுசு குறையவில்லை.

ராணுவம் கழித்துத் தள்ளும் ஜீப்புகளையும் லாரிகளையும் ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, பழைய வண்ணத்தையே பூசி, ஓய்வு நாட்களில் ஓட்டி மகிழ்வோர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விவசாயிகள், மெக்கானிக்குகள், ஓய்வு பெற்ற சிப்பாய்கள் எனப் பல தரப்பாரும் அவர்களில் உண்டு. ராணுவ வாகனங்களைக் காப்பாற்றுவதற்கென்றே 1976-ல் ஒரு சங்கமும் ஏற்பட்டு, மிஸௌரி மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்து வருகிறது.

சர்க்கார் ராணுவச் செலவைக் குறைக்கும்போது இவர்களுக்கு என்ன நேரிடுகிறது? பட்டாளம் சுருங்கினால் வண்டிகள் மிஞ்சும், மிஞ்சிய வண்டிகள் ஏலத்துக்கு வரும், விலை சரியும், ஆகவே இவர்களுக்கு யோகந்தான் என்று தோன்றும். இந்தக் கணக்கு பாதிதான் சரி. பட்ஜெட் வெட்டு முதலில் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. பின்னால் வறட்சியைக் கொண்டுவருகிறது.

யுத்தம் முடிந்த சந்தை

வெள்ளத்துக்குச் சிறந்த உதாரணம் இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவு. அந்த யுத்தத்தில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன. 1945-ல் 1 கோடியே 20 லட்சம் பேராக இருந்த அமெரிக்கப் படைகள் இரண்டே ஆண்டுகளில் 15 லட்சம் பேர் அளவுக்குச் சுருங்கின. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வண்டிகளை என்ன செய்வது? மிஞ்சிய தளவாடங்களை விற்பதற்கென 1944-ல் ஒரு சட்டமும், 1946-ல் தனி இலாகாவும் ஏற்பட்டன. பிலிப்பைன்ஸ் நாட்டில் விட்டுச் சென்ற ஜீப்புகள் நீட்டிக் கட்டப்பட்டு, ‘ஜீப்னி’ என்ற பெயரில் அந்நாட்டின் பஸ்களாகவே மாறிவிட்டன.

அமெரிக்காவில் வேறொரு வேடிக்கை நடந்தது. ஐம்பது டாலருக்குப் பெட்டிக்குள் புத்தம் புதிய ஜீப் கிடைக்கிறது என்ற வதந்தி பல ஆண்டுகள் உலாவிற்று. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் விளம்பரங்களும் வந்தன. நம்பிப் பணம் அனுப்பியவர்களுக்கு வந்து சேர்ந்தது ஜீப் அல்ல. சர்க்கார் ஏலத்தில் சாமான் வாங்குவது எப்படி என்ற சிறு புத்தகம். ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். ஆயினும் ‘சர்க்கார் மிச்சம் என்றால் மலிவு’ என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்தது அக்காலத்தில்தான்.

2013-ன் வெட்டு

அண்மைக் காலத்துக்கு வருவோம். கடனைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் 2011-ல் ஒரு சட்டம் இயற்றியது. கட்சிகள் சமரசத்துக்கு வராவிட்டால் எல்லா இலாகாக்களின் செலவும் தானாகவே வெட்டுப்படும் என்பது அதன் சாரம். கட்சிகள் சமரசத்துக்கு வரவில்லை. 2013 மார்ச் 1-ந் தேதி கத்தி விழுந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ராணுவ இலாகா இழந்தது சுமார் 3,700 கோடி டாலர். ஈராக் யுத்தம் முடிந்து, ஆப்கானிஸ்தானத்திலும் படைகள் குறைந்துகொண்டிருந்த சமயம் அது. 2012-ல் ஐந்தரை லட்சம் பேரைக் கொண்டிருந்த தரைப்படை, 2015-க்குள் ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கிற்று.

இதன் முதல் பலன் வண்டிப் பிரியர்களுக்கு இனிப்பாகவே இருந்தது. 1980-களில் ஜீப்புக்குப் பதிலாக வந்த ‘ஹம்வீ’ என்னும் அகன்ற வண்டியை வாங்க அவர்கள் நெடுங்காலம் ஏங்கிக் கிடந்தார்கள். ராணுவமோ, கழித்த ஹம்வீக்களை முழு வண்டியாகப் பொதுமக்களுக்குக் கொடுக்க மனமில்லாமல் இருந்தது. 2014 டிசம்பரில் கதவு திறந்தது. ஏல நிறுவனம் ஒன்றின் மூலம் முதல் தவணையாக 25 ஹம்வீக்கள் விற்பனைக்கு வந்தன. கேட்பு விலை 10,000 டாலரில் ஆரம்பித்தது. அதிகப்படியாக ஒரு வண்டி 41,000 டாலர் வரை ஏறிற்று.

இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. சிக்கனம் தேடும் சர்க்கார், மிச்சத்தை மலிவாகக் கொடுப்பதில்லை. நல்ல விலைக்கு விற்கப் பார்க்கிறது. முன்பெல்லாம் அந்தந்த ராணுவ முகாமிலேயே ஏலம் நடக்கும். பக்கத்து ஊர்க்காரர் நேரில் போய், வண்டியைத் தட்டிப் பார்த்துக் கேட்பார். பிறகு விற்பனை வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டார்கள். ஏலம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. வீட்டிலிருந்தபடியே கேட்கலாம் என்பது வசதிதான். ஆனால் உள்ளூர் விவசாயியோடு நாடெங்கும் உள்ள வியாபாரிகளும் போட்டிக்கு நிற்கிறார்கள். ஹம்வீயை எடுத்தவர் அதை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுதிக் கொடுத்து, அனுமதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். அத்தனைக்கும் பிறகு அந்த முதல் ஹம்வீக்கள் சாலையில் ஓட்டுவதற்கென விற்கப்பட்டவை அல்ல. காட்டிலும் மேட்டிலும் ஓட்டத்தான்.

பந்தியில் கடைசி இலை

வறட்சி எங்கிருந்து வருகிறது? ராணுவம் ஒரு லாரியைக் கழித்தவுடன் அது நேரே ஏலத்துக்கு வந்துவிடுவதில்லை. முதலில் மற்றப் படைப்பிரிவுகளுக்கு வேண்டுமா என்று கேட்பார்கள். பிறகு மத்திய சர்க்காரின் மற்ற இலாகாக்கள். பிறகு போலீஸ், 1990-களில் இயற்றிய சட்டப்படி அவர்களுக்குத் தனி உரிமை உண்டு. பிறகு மாநிலங்கள், ஊர்த் தீயணைப்புப் படைகள். இவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் பொதுமக்களுக்கு. கல்யாணப் பந்தியில் கடைசி இலை போல.

பணம் தாராளமாக இருக்கும் காலத்தில் முன்வரிசைக்காரர்கள் புது வண்டி வாங்கிக்கொள்வார்கள். பழையது கடைசி இலைவரை வரும். சிக்கனக் காலத்தில் எல்லாருடைய பையும் ஒரே சமயத்தில் காலி. புது லாரி வாங்கப் பணமில்லாத படைப்பிரிவு பழைய லாரியையே இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டும். போலீஸும் தீயணைப்புப் படையும் கிடைத்ததை வாரிக்கொள்ளும். கடைசி இலைக்கு எஞ்சுவது துருவும் தகரமுமே.

தீயணைப்புப் படையின் தேவையைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் கிராமங்கள் பலவற்றில் தீயணைப்பவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். அவர்களுடைய தண்ணீர் வண்டிகளில் பல, ராணுவம் கொடுத்த பழைய லாரிகளே. 2014-ல் புகைக் கட்டுப்பாட்டு விதியைக் காட்டி இந்த லாரிகளைக் கொடுப்பதைச் சிறிது காலம் நிறுத்தியபோது, ஓக்லஹோமா, மிச்சிகன் மாநிலங்களில் பெருங்கூச்சல் எழுந்தது. சில வாரங்களில் சர்க்கார் பணிந்து மறுபடியும் கொடுக்க ஒப்புக்கொண்டது. மிச்ச வண்டி என்பது சிலருக்குப் பொழுதுபோக்கு; சிலருக்கோ வீடு எரியாமல் காக்கும் சாதனம்.

அரைப்பது எளிது

இதைவிடப் பெரிய சத்துரு ஒன்று உண்டு. அதுதான் அரைவை இயந்திரம். ராணுவத்தின் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எழுத்து உண்டு. அதை அப்படியே விற்கலாமா, சில பாகங்களைக் கழற்றி விற்கலாமா, முழுவதும் நாசம் செய்ய வேண்டுமா என்பதை அந்த எழுத்து சொல்லும். விற்கக்கூடாத சாமான்கள் கைமாறிவிட்டதாக 2006-ல் தணிக்கை இலாகா கண்டுபிடித்துச் சொன்ன பிறகு கெடுபிடி அதிகமாயிற்று. கெடுபிடி நியாயமானதே. ஆனால் எது ஆபத்தான பாகம், எது வெறும் கதவுக் கைப்பிடி என்று பிரித்துப் பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒட்டுமொத்தமாக அரைத்துத் தள்ள ஓர் இயந்திரம் போதும். பட்ஜெட் வெட்டின்போது முதலில் கை வைப்பது சம்பளத்தில்தானே? 2013-ல் ராணுவ இலாகாவின் சுமார் ஆறரை லட்சம் சிவில் ஊழியர்களைச் சம்பளமில்லாமல் 6 நாட்கள் வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அதே ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தில் நடந்தது உலகறிந்த செய்தி. கண்ணிவெடியைத் தாங்குவதற்காக ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவில் செய்த கனரக வண்டிகளில் சுமார் 2,000 வண்டிகள் தேவைக்கு மேற்பட்டவை என்று முடிவாயிற்று. ஊருக்குக் கொண்டுவரும் கூலி, அவற்றின் உபயோகத்தைவிட அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். அங்கேயே வெட்டி, பழைய இரும்பாக எடை போட்டு விற்றார்கள்.

வெட்டுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வியட்நாம் யுத்தக் காலத்து ‘எம்-151’ ஜீப், வேகமாக வளைத்தால் கவிழ்ந்துவிடும் குணமுடையது. பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து என்று அதை முழு வண்டியாக விற்காமல் துண்டு போட்டே விற்றார்கள். பிரியர்கள் விடுவார்களா? துண்டுகளை வாங்கி, ஒட்டிப் பற்றவைத்து ஓட்டினார்கள். ஆசை அவ்வளவு!

13 எண்களின் மர்மம்

வண்டி கிடைத்துவிட்டால் போதாது; அது ஓட வேண்டும். அயோவா மாநிலத்தில் ஒரு விவசாயி ‘எம்-35’ என்னும் இரண்டரை டன் ராணுவ லாரியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1950-ல் முதன்முதலாகத் தயாரான இந்த ரகத்தில் பிறகு வந்த ஓர் எஞ்சின் டீசல், மண்ணெண்ணெய், விமான எண்ணெய் எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஓடும். காலனுக்குப் பத்து மைல் போனாலே பெரிது. அதில் ஒரு சிறிய வால்வு போய்விட்டால் சாதாரணக் கடையில் கிடைக்காது. ராணுவ உதிரி பாகம் ஒவ்வொன்றுக்கும் 13 இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, சர்க்கார் கிடங்கு காலி செய்தபோது மொத்தமாக எடுத்த வியாபாரிகளிடம் தேட வேண்டும். மெழுகுக் காகிதம் சுற்றி, பசை தடவி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய பொட்டலத்தில் அந்த வால்வு புதுமை மாறாமல் இருக்கும்!

சிக்கனத்தின் இரட்டை முகம் இங்கேதான் நன்றாகத் தெரிகிறது. வாடகையும் காவலும் மிச்சம் என்று கிடங்கைக் காலி செய்யும்போது பாகங்கள் குவியல் குவியலாக வெளிவருகின்றன, விலை இறங்குகிறது. ஆனால் ராணுவம் ஒரு வண்டியைக் கைவிட்டுவிட்டால், அதன் பாகங்களைப் புதிதாகச் செய்யும்படி ஆர்டர் கொடுப்பாரில்லை. வந்த குவியலே கடைசிக் குவியல். 2025 மே மாதத்தில் அமெரிக்கத் தரைப்படை, இனி ஹம்வீ வாங்குவதில்லை என்று அறிவித்தது. அதற்கு மாற்றாக வந்த வண்டியையும் வாங்குவதில்லை என்றது. இதைக் கேட்டு, இனி ஹம்வீக்கள் மலிந்துவிடும் என்று மகிழ்பவர் இருக்கலாம். பத்தாண்டு கழித்து அதற்குப் பாகம் எங்கே கிடைக்கும் என்று யோசிப்பவரே புத்திசாலி.

மியூசியங்களும் தப்பவில்லை

ஒரு வண்டியை அதன் அசல் தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், பார்த்துச் செய்ய அசல் வண்டி ஒன்று வேண்டும். அந்த அசல்கள் ராணுவ மியூசியங்களில் இருந்தன. மேரிலாந்து மாநிலம் அபர்டீனில் டாங்கிகள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசையாக நின்ற மியூசியம் மிகப் பிரசித்தம். ராணுவ முகாம்களைச் சுருக்கும் திட்டத்தில் 2010-ல் அது மூடப்பட்டது. சேகரிப்புகள் வர்ஜீனியாவுக்குப் போயின. 2025-ல் இன்னொரு அறிவிப்பு வந்தது. 29 இடங்களில் இருந்த 41 ராணுவ மியூசியங்களைச் சில ஆண்டுகளில் 12 இடங்களுக்குள் அடக்கிவிடப் போவதாகத் தரைப்படை சொல்லிற்று.

இவ்விதம் சர்க்கார் கையைச் சுருக்கச் சுருக்க, சரித்திரத்தைக் காக்கும் பொறுப்பு தனி மனிதரின் கொட்டகைக்கு நகர்கிறது. அதை அவர்கள் சுமக்கத் தயங்கவில்லை என்பதற்கு ஒரு சம்பவம் சான்று. 1919-ல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு ஒரு லாரி ஊர்வலத்தை அனுப்பியது. சேற்றிலும் மணலிலும் சிக்கி, பாலங்களை உடைத்து, 62 நாட்களில் அது போய்ச் சேர்ந்தது. அதில் சென்ற இளம் அதிகாரி ஐஸன்ஹோவர். பின்னாளில் ஜனாதிபதியாகி, நாடெங்கும் பெருஞ்சாலைகளை அமைக்கச் சட்டம் செய்தவர் அவரே. அந்த ஊர்வலத்தின் 90-ம் ஆண்டான 2009-ல், ராணுவ வாகனச் சங்கத்தார் தங்கள் சொந்த வண்டிகளில் அதே வழியைத் தொடர்ந்து கடலிலிருந்து கடல்வரை ஓட்டிக் காட்டினார்கள்.

சிக்கனம் தவறல்ல. யுத்தம் ஓய்ந்த பின்பும் பட்டாளத்தைக் கொழுக்க வைக்க வேண்டும் என்று எந்த ஜீப் பிரியரும் கேட்பதற்கில்லை. அவர்கள் கேட்கக்கூடியது சொற்பம்: ஆபத்தில்லாத வண்டியை அரைக்காதே, விற்ற வண்டிக்கு ஒழுங்கான காகிதம் கொடு, கிடங்கைக் காலி செய்யுமுன் ஒரு வார்த்தை சொல். இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு குமாஸ்தாவின் சம்பளம். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு, வரிகொடுப்போர் பணத்தில் செய்த வண்டியை எடைக்குப் போடுவது சிக்கனமாகாது. உப்புக்குச் செட்டுப் பார்த்து ஊறுகாய்ப் பானையைக் கெடுத்த கதைதான் அது.