எம்.பி.பி.எஸ் சீட் கிடைச்சாச்சு... ஸ்டெதாஸ்கோப் இப்பவே வாங்கணுமா?

கவுன்சலிங் முடிந்து அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்று இரவே பல வீடுகளில் லிஸ்ட் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். வெள்ளை கோட் நாலு, ஸ்டெதாஸ்கோப் ஒன்று, லேப்டாப், தலையணை சைஸ் புத்தகங்கள், எலும்புக்கூடு... யூடியூபில் பார்த்தது, தெருமுனை கிளினிக் கம்பவுண்டர் சொன்னது, தூரத்துச் சொந்தத்தில் யாரோ படித்தபோது வாங்கியது என எல்லாமே அதில் ஏறிவிடும். பிள்ளை டாக்டராகப் போகிற சந்தோஷத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்குப் பார்த்தே ஆக வேண்டிய வீடுகளில், அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது.

அந்த லிஸ்ட்டில் முக்கால்வாசியை, கல்லூரியில் சேர்வதற்கு முன்பு வாங்கத் தேவையே இல்லை. சிலவற்றை முதல் வருடம் முழுக்கத் தொடக்கூட வேண்டியிருக்காது. முன்கூட்டியே செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. அது பெரும்பாலானவர்களின் லிஸ்ட்டில் இருப்பதில்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் வாரத்துக்கு என்ன வேண்டும்?

வெள்ளை கோட் இரண்டு, ஒரு ஜோடி மூடிய ஷூ, சாதாரண நோட்டு, பேனா. அவ்வளவுதான்.

புதிய பாடத்திட்டம் 2019-ல் வந்ததிலிருந்து, எம்.பி.பி.எஸ் சேர்ந்தவுடன் ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்கிற அறிமுக வகுப்புகள் நடக்கின்றன. பாடம் வேகமெடுப்பதற்கு முன்பு கிடைக்கும் இந்த நாள்கள்தான் ஷாப்பிங்குக்குச் சரியான நேரம். எந்தப் புத்தகம், எந்த மாதிரி ரெக்கார்டு நோட்டு, கோட்டுக்கு முழுக்கையா அரைக்கையா என்பதையெல்லாம் அந்தந்தத் துறையே சொல்லிவிடும். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால், வெளியூர் சீனியர் சொன்னதை நம்பி நாலு முழுக்கை கோட் தைத்துக்கொண்டு போனால், அங்கே அரைக்கைதான் என்று சொல்லவும் வாய்ப்புண்டு.

கோட் விஷயத்தில் துணிதான் முக்கியம். பளபளப்பான பாலியஸ்டர் கோட் கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால், பயோகெமிஸ்ட்ரி லேபில் பர்னர் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். தீப்பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கும் பருத்திதான் தாங்கும். தோள் அளவு கொஞ்சம் தாராளமாகவும், பாக்கெட் ஆழமாகவும் இருக்கட்டும்.

இரண்டு கோட் ஏன் என்றால், ஒன்று அனாட்டமி டிசெக்‌ஷன் ஹாலுக்கென்றே போய்விடும். உடலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் வாடை துணியில் ஏறினால் லேசில் விடாது. கண்ணும் எரியும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளைகள் அந்த வகுப்புக்கு மட்டுமாவது கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது. வாரக்கடைசியில் அழுக்குத்துணி மூட்டை வீட்டுக்கு வந்தால், அந்தக் கோட்டை மட்டும் தனியாக ஊறவைக்க வேண்டும். மற்ற துணிகளோடு மெஷினில் போட்டுவிட்டு, பிறகு வீடு முழுக்க முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஹாஸ்டல் சாமான்களைப் பற்றி அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசுவலை, நல்ல பூட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் மறக்காமல் போகட்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால், எல்லாவற்றையும் நான்கைந்து செட் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப், பேங்க் லோன் என்று வருடம் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

புத்தகம்... ஒரு பாடத்துக்கு ஒன்று போதும்

முதல் வருடத்தில் பாடங்கள் மூன்று: அனாட்டமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. ஒவ்வொன்றுக்கும் கடையில் ஏழெட்டுப் புத்தகங்கள் இருக்கும். எல்லாமே நல்ல புத்தகங்கள் என்பதுதான் சிக்கல்.

அனாட்டமிக்கு இந்தியா முழுக்கப் புழங்குவது பி.டி.சௌராசியா. குவாலியரில் உள்ள கஜ்ரா ராஜா மருத்துவக் கல்லூரியில் அனாட்டமி கற்பித்தவர் எழுதியது. கை, கால், தலை எனப் பகுதி பகுதியாகத் தனித்தனி வால்யூம்கள். முதலில் எந்தப் பகுதியை நடத்துகிறார்களோ அந்த வால்யூமை மட்டும் வாங்கலாம். மொத்த செட்டையும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை. டிசெக்‌ஷனுக்கு கன்னிங்ஹாம் மேனுவல், படங்களுக்கு நெட்டர் அட்லஸ் என்று அடுத்தடுத்துச் சொல்வார்கள். மேனுவலை ஒரு டேபிளுக்கு ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். அட்லஸ் லைப்ரரியில் கிடைக்கும். அட்லஸை மட்டும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாக வாங்காதீர்கள். ரத்தக்குழாய் எது, நரம்பு எது என்று நிறத்தை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க முடியும். நிறம் போனால் அட்லஸே போச்சு.

ஃபிசியாலஜி என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் கைட்டன். ஆர்தர் கைட்டன் சர்ஜரி பயிற்சியில் இருந்தபோது 1946-ல் போலியோவால் பாதிக்கப்பட்டு, சர்ஜன் கனவைக் கைவிட்டவர். பாடம் நடத்தப் போனவர் 1956-ல் வெளியிட்ட புத்தகம், இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை. ஆனால் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அதன் ஆங்கிலம், தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளையை முதல் வாரத்திலேயே மிரட்டிவிடும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு, குடும்பத்திலேயே முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் பலர் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். கல்விக் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது. வகுப்பில் பக்கத்து சீட்டில் இருப்பவரின் டேப்லெட்டையும் கனமான புத்தகங்களையும் பார்த்து, 'நம்மிடம் இது இல்லையே' என்று மனதுக்குள் சுருங்கும் செலவை எந்த அரசாணையாலும் ஏற்க முடியாது. அப்படிச் சுருங்கி, ஊருக்கு போன் செய்து, அப்பா வட்டிக்கு வாங்கி அனுப்பிய பணத்தில் வாங்கிய புத்தகம், அட்டை கசங்காமல் ஷெல்ஃபில் நின்றுகொண்டிருக்கும். செம்புலிங்கத்தின் ஃபிசியாலஜி, வாசுதேவனின் பயோகெமிஸ்ட்ரி போல எளிய ஆங்கிலத்தில் உள்ள புத்தகத்தில் தொடங்கி, புரிந்த பிறகு கைட்டனை லைப்ரரியில் புரட்டுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வகுப்பில் முதலிடம் வாங்குகிறவர்களிலும் அப்படிப் படித்தவர்கள் உண்டு. கூடவே ஒரு சின்ன மெடிக்கல் டிக்‌ஷனரி இருந்தால், முதல் மூன்று மாதம் அதுதான் கைத்தடி.

பழைய புத்தகம் வாங்கலாமா? தாராளமாக. மனித உடலில் போன வருடமும் 206 எலும்புகள்தான், இந்த வருடமும் அதேதான். 2019 பாடத்திட்டத்துக்குப் பிறகு வந்த பதிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். அதைவிட எளிய வழி, இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்ட சீனியர்கள். அவர்கள் அடிக்கோடிட்ட வரிகளைப் பார்த்தாலே தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி

சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறும் இன்னொரு பொருள், எலும்பு செட். பெரும்பாலும் இது அரை செட்டாகத்தான் இருக்கும். மண்டையோடு, முதுகெலும்பு, ஒரு பக்கத்துக் கை கால் எலும்புகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் அது போதும். மண்டையோடு முழுசாக, தாடையோடு இருந்தால் விலை ஏறும். லீவுக்கு வரும் பிள்ளை படிக்கிற ஆர்வத்தில் அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, பாட்டி வாசலிலேயே நிறுத்தி வைத்த கதைகள் மருத்துவர் குடும்பங்களில் ஏராளம்.

அது பொம்மை இல்லை என்பதைப் பாட்டி சரியாகவே புரிந்துகொள்கிறார். அது ஒரு மனிதருடைய எலும்பு. ஒருகாலத்தில் உலகின் பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்தே போயின. கொல்கத்தாதான் அந்த வியாபாரத்தின் மையம். கல்லறைகளில் திருட்டு நடப்பதாக எழுந்த புகார்களுக்குப் பிறகு, 1985-ல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று முகம் தெரியாத ஆள் ஆன்லைனில் 'ஒரிஜினல் போன் செட்' விற்கிறேன் என்றால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம். துறையில் படிக்க எலும்புகள் கொடுப்பார்கள். அறையில் வைத்துப் படிக்க பிளாஸ்டிக் மாடல்களும் கிடைக்கின்றன. சீனியரிடம் வாங்கினால், படித்து முடித்ததும் அடுத்த ஜூனியரிடம் பத்திரமாகச் சேர்க்க வேண்டும்.

டிசெக்‌ஷன் கிட் பெரிய செலவில்லை. கத்திப்பிடி, பிளேடுகள், பல் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல். ஒரே டேபிளில் பலர் சேர்ந்து வேலை செய்வதால் ஆளுக்கொரு கிட் தேவைப்படாமலும் போகலாம். கையுறைதான் தீர்ந்துகொண்டே இருக்கும். பிளேடை விரலால் மாட்டிக் கழற்றாமல், ஃபோர்செப்ஸால் பிடித்து மாற்றும் பழக்கத்தை முதல் நாளே கற்றுக்கொள்ளட்டும்.

வருடம் முழுக்கக் கையை விட்டு இறங்காத பொருள் எது தெரியுமா? பிங்க், வயலெட் நிறப் பென்சில்கள்! மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் திசுக்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சாயத்தில்தான் தெரியும். பார்த்ததை அதே நிறத்தில் ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். அதோடு தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். நீட் கோச்சிங்குக்குப் போன நாளிலிருந்து ஒரு கோடு கூட வரையாத பிள்ளைகள், இங்கே வந்து மறுபடி கலர் பென்சில் சீவுவார்கள். ஆன்லைனில் 'மெடிக்கல் ஸ்டூடன்ட் கிட்' என்று பெட்டியாக விற்பதை வாங்க வேண்டாம். தெரு ஸ்டேஷனரி கடையே போதும்.

மாமாவின் ஸ்டெதாஸ்கோப்

ஸ்டெதாஸ்கோப்புக்கு வருவோம். 1816-ல் பாரிஸில் ரெனே லெனக் என்ற டாக்டர், ஒரு இளம்பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கத் தயங்கி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அன்று செலவில்லாமல் பிறந்த கருவிக்குத்தான் இன்று குடும்பத்தில் போட்டி. சீட் கிடைத்ததும் மாமாவோ சித்தப்பாவோ ஆசையாக லிட்மேன் வாங்கித் தர முன்வருவார்கள். பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம்.

ஆனால் நோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கல் போஸ்டிங் தொடர்ச்சியாக வருவது இரண்டாம் வருடத்தில்தான். முதல் வருடத்தில் ஃபிசியாலஜி பிராக்டிகலில் பி.பி பார்க்கப் பழகும்போது வேண்டியிருக்கும். அதற்குத் துறையில் இருப்பதோ, சில நூறு ரூபாய் ஸ்டெதாஸ்கோப்போ போதும். இதய ஒலிகளில் நுட்ப வித்தியாசம் கேட்கும் அளவுக்குக் காது பழகிய பிறகு நல்லதை வாங்கினால்தான் அதன் அருமை தெரியும். மாமாவிடம், 'அடுத்த வருஷம் வாங்கித் தாங்க மாமா' என்று உரிமையோடு சொல்லிவிடலாம். வாங்கும்போது போலிகள் நிறைய உலவுவதால், அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கச் சொல்லுங்கள். காதில் மாட்டும்போது முனைகள் முன்பக்கம், மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டிக்கொண்டு 'ஒண்ணுமே கேக்கல' என்று திகைப்பது வகுப்புக்கு வகுப்பு நடக்கிற காமெடி.

லேப்டாப், டேப்லெட்டுக்கும் இதே பதில்தான். கையிலிருக்கும் போனே முதல் சில மாதங்களுக்குப் போதும். வீடியோ பாட ஆப்களின் சந்தாவை, 'இந்த ஆஃபர் இன்னிக்கோட முடியுது' என்று அவசரப்படுத்தினால் அன்று வாங்கவே வாங்காதீர்கள். ஆஃபர் மறுபடி வரும்.

லிஸ்ட்டில் இல்லாத அந்தச் செலவு

அது ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. ரத்தத்தின் மூலம் பரவி கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இது. ஊசி, பிளேடு, ரத்தம் என்று புழங்கப்போகிற பிள்ளைக்கு, கோட்டுக்கு முன்பே வேண்டிய கவசம். இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2002-ல் சில இடங்களில் சோதனை முயற்சியாக வந்து, 2011 வாக்கில்தான் நாடு முழுக்கப் பரவியது. அதனால் இப்போது சேரும் பிள்ளைகள் எல்லோருக்குமே குழந்தையில் போட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. பீரோவில் இருக்கும் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னம்மை வராத, அதற்கான ஊசியும் போடாத பிள்ளை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அது முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால், எதிர்ப்புசக்தி உருவாகிவிட்டதா என்பது தெரிந்துவிடும். கல்லூரியிலேயே போடுவார்களா என்று சேரும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். போடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது ஊசி வரைக்கும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்றாவது, இன்டர்னல் தேர்வும் ரெக்கார்டு வேலையும் நெருக்கும் நாளில் வந்து நிற்கும். பிள்ளை மறந்துவிடும். அந்தத் தேதியை வீட்டு காலண்டரில் அம்மாவே குறித்து வைத்து, அன்று காலையில் ஒரு போன் அடித்துவிடுவது நல்லது.