ஆர்.டி. 350: கிழவர்கள் பேச்சைக் கேட்காதே

என் தங்கையின் பேரனுக்கு 23 வயது. கோவையிலேயே வேலை. இரண்டு வருடம் சிக்கனமாக இருந்து மூன்று லட்சம் சேர்த்திருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"தாத்தா, பொள்ளாச்சில ஒருத்தருகிட்ட 85 மாடல் ஆர்.டி. 350 இருக்குதுங்க. மூணு லட்சம் சொல்றாரு. இல்லீன்னா புது யமஹா ஆர்15 எடுக்கலாம்னு இருக்கேன். நீங்க ஆர்.டி. ஓட்டுனவரு, நீங்களே சொல்லுங்க."

நான் ஒரு தப்பு செய்தேன். கேள்வியை எங்கள் பென்ஷன்தாரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் இருபது பதில்கள். "ஆர்.டி. ஆர்.டி.தான்." "அந்தச் சத்தம் இனி வருமா?" "இப்போ வர்றதெல்லாம் பிளாஸ்டிக் பொம்மை." ஒருவர் கண்ணீர் விடும் பொம்மையே போட்டிருந்தார்.

இந்தப் பதிவு அவர்களுக்குத்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முதல் கேள்வி. அய்யா, அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் அந்த வண்டியை வாங்கினீர்கள்? குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். ஆர்.டி. வைத்திருந்தது நான் ஒருவன். எஸ்கார்ட்ஸ் கம்பெனி 1983-ல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் அதை இறக்கியது. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். புல்லட்டையும் ஜாவா எஸ்டியையும் தவிர வேறு பெரிய வண்டி பார்த்திராத ஊரில் அது வேற்றுக்கிரக ஜந்து மாதிரி வந்து நின்றது. நீங்கள் எல்லோரும் அதைச் சுற்றி வந்து பார்த்தீர்கள். "மைலேஜ் என்ன தரும்?" என்று கேட்டீர்கள். இருபது, இருபத்தைந்து என்றதும் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் இண்ட் சுசுகி, ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா என்று நூறு சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. வரிசையில் நின்று அவற்றை வாங்கினீர்கள். எண்பதுகள் முடிவதற்குள் ஆர்.டி.யின் கதையும் ஏறத்தாழ முடிந்துவிட்டது. அன்று நாம் காசு போடாத வண்டிக்கு இன்று ஒரு சின்னப்பையனைக் காசு போடச் சொல்கிறோம். இது என்ன நியாயம்?

இரண்டாவது, "புது வண்டியில் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், வழியில் நின்றால் யார் பார்ப்பது" என்கிறீர்கள். சரி, ஆர்.டி. நின்றால் யார் பார்ப்பது? இரண்டு கார்புரேட்டர், இரண்டும் ஒரே அளவில் திறக்க வேண்டும். இரண்டு செட் பாயிண்ட். டைமிங் மயிரிழை தப்பினாலும் வண்டி முரண்டு பிடிக்கும். கிராங்கின் இரு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறது. நாற்பது வருடத்து ரப்பர் ஓட்டினாலும் இறுகும், ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் இறுகும். அதன் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்துப்போய், சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எஞ்சின் சீஸ் ஆனால் பின்சக்கரமும் சேர்ந்து நிற்கும். அந்த நொடியில் கை கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கும். இந்தத் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் ஏன் இருக்க வேண்டும்?

மூன்றாவது, முதலீடு. "விலை ஏறிக்கிட்டே போகும்பா." ஏறலாம். ஆனால் மூன்று லட்சம் வாசலில் கொடுப்பது. கிராங்க் பிரித்துச் சேர்ப்பது, போர் அடிப்பது, குரோம் பூசுவது, கிடைக்காத சாமானுக்கு ஊர் ஊராக அலைவது எல்லாம் தனி. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ ஆபீஸில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரும் எஞ்சினில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், ஓட்டினால் தேயும். ஓட்டாவிட்டால் அது வண்டி இல்லை, பீரோவில் வைத்த பட்டுப்புடவை.

ஆர்.டி.க்குக் குறை மட்டும்தானா என்றால், இல்லை. பேரனோடு பொள்ளாச்சிக்குப் போனேன். அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். ஆறாயிரம் ஆர்பிஎம் நெருங்கும்போது அந்த எஞ்சின் குரலை மாற்றிக்கொண்டு பாய்கிறதே, 68 வயதிலும் முதுகுத்தண்டு சிலிர்த்தது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் தந்த எஞ்சினை இங்கே மைலேஜுக்காக முப்பதாகவும் பிறகு 27 ஆகவும் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பிறகும் அந்தப் பாய்ச்சல். ஆர்15-க்கு 155 சிசி, பதினெட்டுச் சொச்சம்தான். ஒருவன் வெறும் வேகத்துக்காக அலைந்தால் எனக்குப் பதில் இல்லை. ஆர்15-ன் பின்சீட்டும் மனுஷன் உட்காரும் இடமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வண்டி என்பது ஓடுவது மட்டுமா, நிற்பதும்தானே?

ஆர்.டி.யின் ஜப்பான் மாடலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். இங்கே வந்தது டிரம். அந்தக் காலத்தில் இங்கே ஏறத்தாழ எல்லா வண்டிக்கும் டிரம்தான். டிரம்முக்குள் தண்ணீர் போனால் லைனிங் வழுக்கும். இரண்டு மூன்று முறை அழுத்திக் காய்ந்த பிறகுதான் பிடிக்கும். புது வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், அதோடு ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கும், ஒரு நொடிக்குள் பல தடவை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம். நாம் "பிளாஸ்டிக் பொம்மை" என்று கிண்டல் செய்யும் வண்டிக்குள் அது இருக்கிறது.

1986 ஐப்பசி மாதம். கிணத்துக்கடவு தாண்டி, மழை விட்ட சாயங்காலம். என் பின்னால் ஒரு நண்பன். எழுபதில் வந்துகொண்டிருந்தேன். விளக்கு இல்லாத மாட்டுவண்டி ஒன்று புளியமரத்து நிழலில் இருட்டோடு இருட்டாக முன்னால் போனது. பிரேக்கைப் பிடித்தேன். லைனிங் நனைந்திருந்தது, முதல் பிடியில் பிரேக் பிடிக்கவில்லை. குற்றம் வண்டி மேல் இல்லை, ஈரத்தில் எழுபதில் வந்த என் மேல்தான். எனக்குச் சிராய்ப்பு. அவனுக்கு இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. இன்றைக்கும் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான்.

குழுவில் "ஆர்.டி. ஆர்.டி.தான்" என்று முதலில் எழுதியவனும் அவன்தான். போனில் கூப்பிட்டுக் கேட்டேன், "ஏண்டா, உனக்குமா?" சிரித்தான். "அந்த மூணு வருஷம் நல்லா இருந்துச்சுடா" என்றான். இருந்தது, எனக்கும்தான். ஆனால் நல்லா இருந்தது நம் வயசு. அதை வண்டியின் விலையில் சேர்த்து ஒரு பையன் தலையில் கட்டக் கூடாது.

கொட்டகை, கருவிப்பெட்டி, ஓய்வு நேரம், உபரிப் பணம் எல்லாம் இருக்கிற மனிதர் ஆர்.டி. வாங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை துடைத்து, காய்ந்த ரோட்டில் ஓட்டட்டும். கையெடுத்துக் கும்பிடுவேன். தினமும் மழையிலும் வெயிலிலும் அவிநாசி ரோட்டில் வேலைக்குப் போகிற 23 வயதுக்காரனுக்கு அது வேண்டாம்.

பேரனிடம் "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. அவன் சிநேகிதனின் ஆர்15-ஐயும் பொள்ளாச்சிக்கு வரச் சொன்னேன். விற்பவரின் தென்னந்தோப்புக்குள் நேரான தார்ப்பாதை. ஒரு மரத்தில் துண்டைக் கட்டினேன். இரண்டு வண்டியையும் ஐம்பதில் கொண்டுவந்து துண்டுக்கு நேராகப் பிரேக் பிடிக்கச் சொன்னேன். நின்ற இடத்தை அவனே எட்டு வைத்து அளந்தான். காய்ந்த பாதைதான், ஆனாலும் ஆர்.டி. பத்து எட்டு தள்ளிப் போய் நின்றது.

அன்றைக்குக் கிணத்துக்கடவில் எனக்குக் குறைந்தது மூன்று எட்டு.